வில்லை செல்லுமா?

பிள்ளைகளே, டிரங்குப் பெட்டியில் ஊதா ரிப்பனோடு கிடக்கும் வெள்ளி வில்லையை எடுத்து விளையாடுகிறீர்கள். அது உங்கள் பெரியப்பாவுடையது. அதைப் பற்றி எனக்குத் தெரிந்த மட்டும் எழுதி வைக்கிறேன்.

ஜெர்மன் சண்டை முடிந்த சமயம். வாணியம்பாடியில் நானும் அண்ணனும் ஒரே தோல் கம்பெனியில் வேலை செய்தோம். அங்கே மூடிக் கிடந்த கழிவுக் குழியில் இறங்கிய இரண்டு பேர் விஷக் காற்றில் மயங்கி விழுந்தார்கள். அண்ணன் மூச்சை அடக்கிக்கொண்டு இறங்கி, ஒவ்வொருவராகக் கயிற்றில் கட்டி மேலே அனுப்பினார். மறு வருஷம் கலெக்டர் துரை இந்த மெடலை அவர் சட்டையில் குத்தினார். பட்டாளத்தில் இல்லாத ஜனங்களின் தைரியத்துக்கென்று சர்க்கார் புதிதாக ஏற்படுத்தியது என்றார்கள்.

மெடல் என்றால் ஊரில் யாருக்குத் தெரியும்? வில்லை என்றால் சர்க்கார் கச்சேரிச் சேவகன் மார்பில் இருப்பது. அண்ணன் அதைக் குத்திக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனால், சம்மன் வருகிறது என்று வழக்கு உள்ளவர்கள் பின்வாசலால் நழுவினார்கள். ஒரு பெரியவர் மனு ஒன்றைக் கையில் திணித்து, கலெக்டரிடம் சேர்த்துவிடும்படி கும்பிட்டார். அண்ணன் சிரித்துக்கொண்டே அதையும் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சில வருஷத்தில் சர்க்கார் அந்த மெடலையே நிறுத்தியது. அதற்குப் பதில் வேறு பெயரில் வேறு ஒன்று வந்ததாம். கடைத்தெருவுக்கு வந்து சேர்வதற்குள் செய்தி மாறிவிட்டது. பழைய மெடலை எல்லாம் திரும்ப வாங்கிக்கொள்ளப் போகிறார்கள் என்றார்கள். தோல் வியாபாரி பாய், அண்ணனுக்கு வேண்டியவர்தான், கேலியாகக் கேட்டார்:

"இன்னா தோஸ்த், உன் வில்லை இனிமே செல்லாதாமே?"

அன்று முதல் அண்ணனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. சோற்றில் கை வைத்தவர் எழுந்து போய்த் தெருவைப் பார்ப்பார். தூரத்தில் ஒரு காக்கித் தலைப்பாகை தெரிந்தால் போதும், உள்ளே வந்து பெட்டியைத் திறந்து பார்ப்பார். கடைசியில் என்னையும் கூட்டிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார். இனிமேல் புதிதாகத் தரமாட்டார்கள், தந்ததைக் கேட்கவும் மாட்டார்கள் என்றார் குமாஸ்தா. எனக்கு அப்பாடா என்றிருந்தது. அண்ணன் பாலாற்று மணலில் வந்து நின்றார்.

"புடுங்கமாட்டாங்க, சரி. இனிமே யாருக்கும் இல்லன்னா, இது இன்னாத்துக்குக் குடுத்ததுன்னு எவனுக்குடா தெரியும்? சேவகன் வில்லைன்னுதான் சொல்லுவான்."

"குழியிலருந்து வந்த ரெண்டு பேருக்குத் தெரியும்ணா" என்றேன். அவர் நடையை எட்டிப் போட்டார்.

அதற்குப் பிறகு மெடலைச் சட்டையின் உள்பக்கம் குத்திக்கொண்டார். பேசும்போதே கை நெஞ்சுக்குப் போய், அது இருக்கிறதா என்று தடவிப் பார்க்கும்.

ஒரு நாள் காலை அவர் வெறும் பனியனோடு வேலைக்குப் போயிருந்தார். சட்டை ஆணியில் தொங்கியது. வீட்டில் வேறு யாருமில்லை. நான் மெடலைக் கழற்றி, சட்டையின் வெளிப்பக்கம், நெஞ்சுக்கு நேராகக் குத்திவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வேலைக்குப் போனேன்.