சாய்மனைக் கதிரையில் ஒளித்த கால்கள்

என் மகளின் கால் வருத்தம் என்னிடமிருந்து வந்தது. அந்தப் பழியை இன்னொரு பெண் சுமக்கவிட்டு, அவர் கையால் தரும் தேநீரை நாள்தோறும் குடித்துக்கொண்டிருக்கிறேன்.

நோயைக் கொடுத்தது என் குற்றமல்ல. அது என் தகப்பனாரிடமிருந்து எனக்கும், என்னிடமிருந்து சுகந்திக்கும் இறங்கியது. மறைத்ததுதான் குற்றம். அதுவும் எப்படி மறைத்தேன் என்று கேட்டால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள்... நான் தடுக்கமாட்டேன்.

உருத்திரபுரத்தில் நான் விஞ்ஞானம் படிப்பித்தவன். கரும்பலகையில் கால் நாளத்தைக் கீறி, மேலே ஏறும் இரத்தம் கீழே வழியாதபடி அதற்குள் சின்னக் கதவுகள் இருக்கின்றன, அவை பழுதானால் இரத்தம் தேங்கி நாளம் புடைக்கும் என்று எத்தனையோ பிள்ளைகளுக்கு விளக்கியிருக்கிறேன். விளக்கும்போதே, என் காற்சட்டைக்குள் இரண்டு கால்களிலும் நாளங்கள் பயற்றங்காய் போல நெளிந்து கிடந்தன!

ஊரில் அதை நரம்புச் சுருட்டு என்பார்கள். வீட்டில் கேட்டவர்களுக்கு, சின்ன வயதில் காலுக்கு மேலால் மாட்டு வண்டில் ஏறியது என்று சொல்லிவைத்தேன். இரண்டு காலிலுமா என்று மனைவி ஒருநாள் கேட்டாள். வண்டிலுக்கு இரண்டு சில்லுத்தானே என்றேன்.

ஏன் அந்தப் பொய்? பரம்பரை என்ற சொல்லுக்குப் பயந்தேன். எனக்குப் பெண்பிள்ளை இருந்தாள்.

முள்ளியவளையிலிருந்து சுகந்திக்குச் சம்பந்தம் வந்தது. மாப்பிள்ளையின் தாயார் குடும்பத்து வருத்தங்களைத் துருவித் துருவி விசாரிப்பவர் என்று தரகர் முன்பே எச்சரித்திருந்தார். பெண் பார்க்க வருகிறவர்களை வேட்டி கட்டி, வாசற் படலைவரை போய் வரவேற்பதுதான் முறை. என்னிடம் இருந்த ஒரே நல்ல வேட்டியோ துவைத்துத் துவைத்துச் சுருங்கிக் கெண்டைக்காலோடு நின்றுவிட்டது. யுத்தத்தால் சாமான்கள் வராத பொருளாதாரத் தடைக் காலத்தில் புதிதுக்கு எங்கே போவது?

படிப்பித்த விஞ்ஞானம் அப்போதுதான் எனக்கு உதவிற்று... நிற்கும்போது புடைக்கிற நாளம், காலை உயர்த்திப் படுத்தால் இரத்தம் வடிந்து தட்டையாகிவிடும். விடிந்து சற்று நேரத்திலேயே சாய்மனைக் கதிரையில் சாய்ந்து, அதன் நீண்ட கைகள் இரண்டிலும் கால்களைத் தூக்கிப் போட்டுக்கொண்டேன்.

"இஞ்சருங்கோ, அவை படலையடிக்கு வந்திட்டினம். எழும்புங்கோ."

"இடுப்புப் பிடிச்சுப் போட்டுது."

"விடியத்தானே மரவள்ளி கிண்டிப்போட்டு வந்தனீங்கள்?"

"அதுதான் பிடிச்சது."

அவர்கள் உள்ளே வந்தார்கள். மாப்பிள்ளையின் தாயாருடைய முகத்துக்கு நேரே என் உள்ளங்கால்கள்! படுத்தபடியே கைகூப்பினேன். மனைவிக்கு அவமானத்தில் முகம் கறுத்துவிட்டது. அந்த அம்மாவோ கோபிக்கவில்லை.

"கிடவுங்கோ மாஸ்டர். இடுப்புப் பிடிப்பெண்டால் அசையக்கூடாது," என்றார். பிறகு, தரகர் சொன்னது போலவே கேட்டார். "வேற வருத்தம் ஒண்டும் உங்கட பக்கத்தில இல்லைத்தானே?"

"இல்லை," என்றேன். என் கால்கள் பளபளவென்று எனக்குச் சாட்சி சொல்லிக்கொண்டிருந்தன.

கலியாணம் நடந்தது. சில வருடங்களில் சண்டை நெருங்கி எங்கள் பக்கம் ஊர் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, நானும் மனைவியும் முள்ளியவளைக்கு ஓடினோம். சம்பந்தியம்மா தன் வளவிலேயே எங்களுக்கு ஒரு கொட்டில் போட்டுத் தந்தார். உழவு மெசினில் இடமில்லாமல் அலுமாரியை விட்டுவிட்டு நான் சாய்மனைக் கதிரையை ஏற்றியதை மனைவி இன்னும் மன்னிக்கவில்லை. அவளுக்கு எப்படிச் சொல்வது? அந்த வளவில் எனக்கு அது கதிரையல்ல, மறைவிடம்!

இரண்டாவது பிள்ளை பிறந்த பிறகு சுகந்தியின் கால்களில் நாளங்கள் எழும்பின. பிறகு கணுக்காலருகே தோல் கறுத்து அரித்தது. சொறிந்த இடம் ஆறாத புண்ணாயிற்று. நான் பார்த்த உடனேயே அறிந்துகொண்டேன். வயற்சேறு ஒத்துக்கொள்ளவில்லைப் போலும் என்று சொல்லி, வேப்பிலை அவித்துக் கழுவச் சொன்னேன். மாதக்கணக்கில் கழுவினாள்... பிள்ளை என் சொல்லை நம்பிக் கழுவினாள்.

கடைசியில் சம்பந்தியம்மாதான் பிடிவாதமாக முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். நானும் போனேன், கால் மறைய நிலத்தைக் கூட்டும் நீளச் சாரத்தைக் கட்டிக்கொண்டு. டொக்டர் சுகந்தியைப் படுக்கவைத்துக் காலை உயர்த்தினார். நாளங்கள் வடிந்ததும் தொடையில் ஒரு ரப்பர் பட்டி கட்டி எழுந்து நிற்கச் சொன்னார். பட்டியை அவிழ்த்ததும் இரத்தம் மேலிருந்து கீழே பாய்ந்து நாளம் விம்மியது. கதவுகள் பழுது. நான் கரும்பலகையில் கீறிய படம் என் மகளின் காலில் உயிரோடு ஓடிக்கொண்டிருந்தது.

"குடும்பத்தில வேற ஆருக்கும் இருக்கோ?" என்று டொக்டர் கேட்டார்.

சுகந்தி என்னைப் பார்த்தாள். "அப்பாவுக்கு இருக்கிறது வண்டில் ஏறினது. என்னப்பா?"

கலியாணம் முடிந்து இரண்டு பிள்ளைகளும் ஆகிவிட்டன. இனி யார் என்ன செய்துவிடப் போகிறார்கள்? வாயைத் திறந்திருக்கலாம். ஆனால் பக்கத்தில் நின்றவர், நான் உள்ளங்காலைக் காட்டிய அதே அம்மா. அவர் வளவில் இருக்கிறேன், அவர் அரிசியைத் தின்கிறேன்...

"ஓம் பிள்ளை," என்றேன்.

உடனே சம்பந்தியம்மாவின் கண் கலங்கியது. "நான்தான் டொக்டர். பிள்ளையை நாள் முழுக்க நெல்லவிக்க நிக்கவைச்சுப்போட்டன்."

நெடுநேரம் நிற்பது வருத்தத்தைக் கூட்டும் என்றார் டொக்டர். அது உண்மைதான், பாதி உண்மை! மற்றப் பாதி என் சாரத்துக்குள் நின்றது. விரலிலிருந்து முழங்கால்வரை இழுபடும் துணியால் இறுக்கிச் சுற்ற வேண்டும், நடக்க வேண்டும், இருக்கும்போது காலை நெஞ்சுக்கு மேலே உயர்த்தி வைக்க வேண்டும். ஒப்பரேசன் செய்யலாம், ஆனால் அதற்கு வவுனியா தாண்டிப் போக வேண்டும், சண்டையில் பாதை பூட்டிக் கிடப்பதால் இப்போதைக்கு நடக்காது என்றார்.

கேட்டீர்களா? காலை உயர்த்தி வைப்பதுதான் வைத்தியம்! ஒளிப்பதற்காக வருடக்கணக்கில் நான் செய்தது அதுவே. பொய் சொன்ன கால் தேறிவர, பொய்யை நம்பிய கால் புண்ணாகிக் கிடந்தது.

அன்றிலிருந்து அடுப்படியில் நிற்பது சம்பந்தியம்மா. மருமகளை இருக்கவைத்து, நெல்லவிப்பதும் தண்ணீர் அள்ளுவதும் அவரே. தன் வெள்ளிச் சிமிழை உருக்கிச் சின்னதாக ஒரு கால் செய்வித்து அம்மனுக்குக் காணிக்கை கொடுத்தார். தட்டைப் பிடித்துக்கொண்டு கூடப் போனவன் நான். வழவழவென்ற வெள்ளிக் கால். ஒரு நாளமும் புடைக்கவில்லை. படுத்துக் கிடக்கும்போது என் கால் இருப்பது போலவே இருந்தது.

கோயில் வீதியில் அவர் கேட்டார்.

"மாஸ்டர், உங்கட பிள்ளையின்ர காலைக் கெடுத்தது நான். என்னில கோவமோ?"

"நீங்கள் ஒண்டும் செய்யேல்லை அம்மா," என்றேன். என் வாழ்நாளில் அவரிடம் சொன்ன ஒரே உண்மை. அதை அவர் என் பெருந்தன்மை என்று எடுத்துக்கொண்டார்! மாஸ்டரைப் போலப் பெரிய மனம் யாருக்கு வரும் என்று முள்ளியவளை முழுக்கச் சொல்லித் திரிகிறார்.

சுகந்தியின் புண் ஆறுகிறது, பிறகு வெடிக்கிறது. இப்போது சம்பந்தியம்மாவின் கால்களும் மாலையானால் வீங்குகின்றன.

நாளைக்குச் சொல்லிவிட வேண்டும் என்று நினைக்கிறேன். நினைப்பதற்கென்ன... தேநீர்க் கோப்பையோடு அவருடைய காலடிச் சத்தம் முற்றத்தில் கேட்டதும், என் கால்கள் என்னைக் கேளாமலே கதிரைக் கைகளில் ஏறிவிடுகின்றன.

"கிடவுங்கோ மாஸ்டர்," என்கிறார் அவர், நின்றபடியே.