அர்த்தம் மிஸ் எழுப்பிய இடது கை

பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் என் நாத்தனார் மூக்கால் ஒரு சிரிப்புச் சிரிப்பாள். பெரிய சிரிப்பு இல்லை. தும்மல் வந்து திரும்பிப் போன மாதிரி இருக்கும். நாங்கள் இருவரும் ஒரே பள்ளியில்தான் வேலை செய்கிறோம். அவள் ஆங்கில ஆசிரியை, நான் ஆயா. காலையில் சேர்ந்தே நடந்து போவோம். பல வருடம் அந்தச் சிரிப்பைப் பார்த்தேனே தவிர, என்னவென்று கேட்டதில்லை. ஆறாவதோடு படிப்பை நிறுத்தியவள் நான். என்னைப் போன்றவர்கள் கேள்வி கேட்டால் பதிலோடு ஒரு பார்வையும் சேர்ந்து வரும். அதனால் பார்த்தே தெரிந்துகொள்ளப் பழகிவிட்டேன்.

இது பார்த்துத் தெரிகிற விஷயமாக இல்லை. ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“போர்டுல இருக்கே ஸ்கூல்ங்கிற வார்த்தை, அது கிரேக்கத்துலேர்ந்து வந்தது அண்ணி. அங்க அதுக்கு ஓய்வுன்னு அர்த்தம். வேலை இல்லாத நேரத்துல உக்காந்து பேசுறது, யோசிக்கிறது. அப்புறம் அந்த இடத்துக்கே பேராயிடுச்சு.”

அவள் தோளில் ஒரு பை நிறையத் திருத்த வேண்டிய நோட்டுகள். பாரம் தாங்காமல் பாதியைப் பிரித்து என் பையில் திணித்திருந்தாள். எனக்கும் மூக்கால் சிரிப்பு வந்தது.

படிப்பு சம்பந்தமான எந்த ஆங்கில வார்த்தையைக் கண்டாலும், சொத்தைக் கத்தரிக்காயா என்று பார்ப்பதுபோல் திருப்பித் திருப்பிப் பார்ப்பாள். பிள்ளைகள் அவளுக்கு வைத்த பெயர் அர்த்தம் மிஸ். நான் சின்னப் பிள்ளைகளைக் கைபிடித்துச் சாலை தாண்ட வைப்பதைப் பார்த்துவிட்டு ஒருமுறை சொன்னாள்: “வாத்தியாருக்கு இங்கிலீஷ்ல பெடகாக்னு ஒரு பேரு இருக்கு. பழைய காலத்துல அது, பிள்ளையைப் படிக்கக் கூட்டிட்டுப் போற அடிமைக்கு வச்ச பேரு. அப்ப அசல் வாத்தியார் நீங்கதான் அண்ணி.”

“அடிமைங்கிறதை மட்டும் உங்க அண்ணன்கிட்ட சொல்லிடாதம்மா. ஏற்கெனவே அப்படித்தான் நெனச்சிட்டிருக்கார்.”

பத்து வருடத்துக்கு மேலாக அவள் தற்காலிக ஆசிரியை. கோடை விடுமுறையோடு வேலை முடிந்துவிடும். பள்ளி திறந்தால் கூப்பிடுவார்கள், கூப்பிடாமலும் போகலாம். சென்ற ஆண்டு ஒரே ஒரு நிரந்தர இடம் வந்தது. நிர்வாகத்தார் முன்னால் மாதிரி வகுப்பு எடுத்துக் காட்ட வேண்டும். வயது வரம்பைப் பார்த்தால் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

மாதிரி வகுப்புக்கென்று எங்கள் பள்ளியில் ஓர் ஏற்பாடு உண்டு. பதில் தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாத பிள்ளை இடது கையை. பின்னாலிருந்து பார்த்தால் வகுப்பு முழுக்கக் கைகளாகத் தெரியும். ஆசிரியை வலது கைகளை மட்டும் எழுப்ப வேண்டும். தலைமை ஆசிரியை முதல் நாளே பிள்ளைகளைப் பழக்கிவிட்டார்.

நான் தண்ணீர் வைத்துவிட்டுக் கதவோரம் நின்றுகொண்டேன். நிர்வாகத்தார் கடைசி பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். பாடம் நன்றாகத்தான் போனது. நடுவில் ‘எக்ஸாமினேஷன்’ என்ற வார்த்தை வந்ததும் அதற்கு அர்த்தம் கேட்டாள். கைகள் எழுந்தன. நடு வரிசையில் ஒரு ஒல்லிப் பெண் ஆரம்பத்திலிருந்தே இடது கையைத்தான் தூக்கிக்கொண்டிருந்தாள். இப்போது வலது கையை அதற்கு முட்டுக் கொடுத்திருந்தாள். நாத்தனார் அவளை எழுப்பினாள்.

“தெரியாது மிஸ். அதைக் கேட்டாலே வயித்தைக் கலக்கும், அது மட்டும் தெரியும்.”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. நாத்தனாரும் சிரித்தாள். பலகையில் ஒரு தராசு வரைந்தாள்.

“நடுவுல நிக்குதே முள்ளு, அதுக்கு லத்தீன்ல எக்ஸாமென்னு பேரு. அதுலேர்ந்துதான் இந்த வார்த்தை. முள்ளு யாரையும் திட்டாது. எவ்வளவு இருக்குன்னு மட்டும் காட்டும்.”

“அப்ப மார்க் குறைஞ்சா வீட்ல ஏன் மிஸ் திட்டுறாங்க?”

“அது முள்ளு செய்யுற வேலை இல்ல. தராசைப் பிடிச்சிருக்கிறவங்க செய்யுறது.”

அதன்பிறகு இடமாவது வலமாவது. பிள்ளைகள் இரண்டு கையையும் தூக்கி, இந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது, அந்த வார்த்தை எங்கேயிருந்து வந்தது என்று பிய்த்தெடுத்தார்கள். மணி அடித்தபோது பாடம் பாதியில் நின்றது. நிர்வாகத்தார் எழுந்து போனார்கள். தலைமை ஆசிரியையின் முகத்தை நான் பார்க்கவில்லை.

வீடு திரும்பும் வழியில் கேட்டேன். “தெரிஞ்சேதானே அவளை எழுப்பின?”

“ஆமா அண்ணி.”

“ஏம்மா?”

“ரொம்ப நேரமா தூக்கி வச்சிருந்துச்சு. கை வலிச்சிருக்கும்.”

என் கணவர் விஷயத்தைக் கேட்டுவிட்டு, “அந்தத் தராசை வேலை கிடைச்சப்புறம் வரைஞ்சிருக்கக் கூடாதா?” என்றார். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார். தங்கையின் முகத்தைப் பார்த்ததும் எழுந்துபோய் அவள் தோளிலிருந்த பையை வாங்கி வைத்தார்.

அந்த இடம் அதற்கு முந்தின வருடம்தான் சேர்ந்த வேறோர் ஆசிரியைக்குப் போனது. பாடத்தை முடிக்கவில்லை என்று காரணம் சொன்னார்கள். முடிக்கவில்லைதான்.

இந்த ஆண்டும் பள்ளி திறந்ததும் கூப்பிட்டார்கள். இன்றும் அவள் தற்காலிக ஆசிரியைதான். வாசலில் பலகையைப் பார்க்கிறாள், சிரிப்பதில்லை. பையைத் தோள் மாற்றிக்கொண்டு உள்ளே போகிறாள். நான் சாலையோரம் பிள்ளைகளுக்காக நிற்கிறேன்.