பள்ளிப்பட்டு லைன் சிவப்பான மாதம்

1. நான் வேலை பார்த்த லுங்கி மொத்த வியாபாரக் கடையில், பள்ளிப்பட்டு லைனில் அதிகம் விற்றவரை அரக்கோணம் லைனுக்கு மாற்றினார்கள்.
2. அவர் அதுவரை பள்ளிப்பட்டில் விற்றதெல்லாம் கணினித் திரையில் அவரோடு சேர்ந்து அரக்கோணத்துக்குப் போனது.
3. பள்ளிப்பட்டு சிவப்பானது.
4. முதலாளி பள்ளிப்பட்டு சூப்பர்வைசரைத் துணி அளக்கும் இரும்பு கஜக்கோலால் காதோடு சேர்த்து அடித்தார்.
5. நான் திரையைத் திருத்தினேன்.
6. மறுபடியும் அடி விழுந்தது.

எம்.சி.ஏ. முடித்த கையோடு அந்தக் கடையில் சேர்ந்தேன். திருத்தணி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், கீழே குடோன், மாடியில் ஆபீஸ். நான் செய்துகொடுத்த திரையில் உச்சியில் முதலாளி, அவருக்குக் கீழே இரண்டு சூப்பர்வைசர்கள், அவர்களுக்குக் கீழே விற்பனையாளர்கள், கடைசியில் கடைகள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியைத் தட்டினால் அவருக்குக் கீழே இருப்பவர்கள் விரிவார்கள். கீழே இருப்பவர்களின் விற்பனை கூடித்தான் மேலே இருப்பவரின் நிறம்: மாத இலக்கை எட்டினால் பச்சை, எட்டாவிட்டால் சிவப்பு. தொடர்ந்து நான்கு மாதம் சிவப்பாக இருந்தால் சூப்பர்வைசர் பதவி போய்விடும், பழையபடி மூட்டை கட்டிக்கொண்டு கடை கடையாக ஏற வேண்டும். அது முதலாளி வைத்த விதி.

ஆள் மாறினால் பழைய விற்பனையை எங்கே காட்டுவது என்று ஆரம்பத்திலேயே கேட்டிருந்தேன். சரக்கு போன தேதியில் யாருக்குக் கீழே இருந்தாரோ அங்கேயே காட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

"ஆள் எங்க கீறானோ அவன் யாவாரமும் அங்கதாம்மா," என்றார் முதலாளி. "வூடு மாத்தினு போறவன் பாத்திரத்த விட்டுட்டா போவான்?"

அரக்கோணம் சூப்பர்வைசர் முதலாளியின் மனைவிக்குத் தம்பி. நல்ல விற்பனையாளர் வேண்டுமென்று அவர் கேட்டார், கொடுத்தார்கள். அன்றைக்குச் சிவப்பானது பள்ளிப்பட்டின் அந்த மாதம் மட்டுமல்ல. முந்தைய இரண்டு மாதங்களும் பச்சையிலிருந்து சிவப்புக்கு மாறின.

கிருத்திகைக்கு மறுநாள்தான் மாதக் கூட்டம். புரொஜெக்டர் வழியாகத் திரை சுவரில் பெரிதாகத் தெரிந்தது.

"போன மாசம் நீங்களே கை தட்டினீங்களே மொதலாளி," என்றார் பள்ளிப்பட்டு சூப்பர்வைசர்.

"அப்ப பச்சையா இருந்திச்சி, தட்டினேன். இப்ப இன்னா கலரு? சொல்லுடா!"

கஜக்கோல் சூப்பர்வைசர் காதில் பட்டது. இரண்டாவது அடி தோளில். மூன்றாவதற்கு அவர் மேசைக்கு அடியில் போய்விட்டார். அரக்கோணத்துக்காரர் அக்கா புருஷனைப் பார்த்துச் சிரித்தார். "பாவா, மேச ஒடஞ்சிடப் போவுது."

அடுத்த கூட்டத்திலும் சிவப்பென்றால் மூட்டைதான் என்று சொல்லிவிட்டு முதலாளி இறங்கிப் போனார்.

எல்லோரும் போன பிறகு அடிபட்டவர் என் மேசைக்கு வந்தார். சட்டைக் காலரில் ரத்தம். "பாப்பா, நான் வித்தது எங்க போச்சி?"

அரக்கோணத்தின் கூட்டல் குறியைத் தட்டிக் காட்டினேன். பள்ளிப்பட்டுக் கடைகளின் பெயர்கள் அங்கே வரிசையாக விரிந்தன. ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்தார்.

"இத மொதலாளிக்குக் காட்டுவியா?"

"காட்டறேன் சார்."

விற்பனையைத் தேதிவாரியாகப் பிரித்துத் திரையைப் புதிதாக எழுதினேன். அடுத்த கூட்டத்தில் யாரிடமும் கேட்காமல் பழையதையும் புதியதையும் அடுத்தடுத்துக் காட்டினேன். புதியதில் பள்ளிப்பட்டின் பழைய மாதங்கள் பச்சை. அரக்கோணம் மேலிருந்து கீழ்வரை சிவப்பு.

"பாவா, இவ இன்னாவோ தட்டி மாத்திட்டா," என்றார் அரக்கோணத்துக்காரர்.

முதலாளி எழுந்துவந்து சுவருக்கு அருகில் நின்று வெகுநேரம் பார்த்தார். "ஏம்மா, இது நெசமா?"

"ஆமாம் சார். பில் தேதியோட இருக்கு."

மச்சானை அவர் தொடவில்லை. கஜக்கோலை எடுத்துப் பள்ளிப்பட்டு சூப்பர்வைசர் கையில் கொடுத்தார். "உன் யாவாரத்த துன்னவன் அவன். நீயே போடு."

கீழே வைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதன் நுனியைக் கையால் துடைத்தார். முதல் அடியைத் தடுக்க அரக்கோணத்துக்காரர் கையைத் தூக்கினார், மணிக்கட்டு முறிந்தது. அந்தச் சத்தம் எல்லோருக்கும் கேட்டது. அதற்குப் பிறகும் அடித்தார். விழுந்தவரின் முதுகில், தொடையில், முகத்தை மூடிய விரல்களில். "புடிங்கடா அவன, இவன் செத்துடுவான்," என்று கடைசியில் முதலாளிதான் கத்தினார். நான்கு பேர் சேர்ந்து பிடித்தும் கோலை விரல்களிலிருந்து பிரிக்க முடியவில்லை. நான் புரொஜெக்டரை அணைத்தேன். யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் மாடிப்படியில் விழுந்ததாகச் சொன்னார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

அரக்கோணத்துக்காரருக்கு மணிக்கட்டு சரியாகக் கூடவில்லை. வீட்டில்தான் இருக்கிறார். பள்ளிப்பட்டு சூப்பர்வைசர் இப்போது இரண்டு லைனையும் பார்க்கிறார். மாதக் கூட்டத்தில் முதலாளி எழுவதில்லை, கஜக்கோலோடு இவர்தான் எழுகிறார். நான் அந்த வருடமே சென்னையில் வேறு வேலைக்கு வந்துவிட்டேன். தேதிவாரியாக நான் எழுதிய திரையைத்தான் அங்கே இன்னும் பயன்படுத்துகிறார்கள்.