வேன் கண்ணாடி போட்ட வெந்நீர்ப் பெட்டி

ஒரகடத்தில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்த காலத்தில் மேனேஜரிடம் வாங்காத திட்டையெல்லாம் வீட்டுக்கார அம்மாவிடம் வாங்கினேன்.

நானும் இசக்கியும் பென்னலூரில் ஒரே ரூம். அவன் திருநெல்வேலிக்காரன், வேன் அசெம்பிளி லைனில் கண்ணாடி மாட்டுபவன். ஷிஃப்ட் முடிந்து வந்தால் என் கையெல்லாம் கிரீஸ். பச்சைத்தண்ணீரில் போகுமா? பக்கெட்டில் ஹீட்டர் ராடு போடுவோம். வீட்டுக்கே பீஸ் போகும். ஒருநாள் அந்த அம்மா படியேறி வந்துவிட்டார்.

"இன்னாப்பா நெனச்சிக்கினு கீறீங்க? இன்னொரு தபா பீஸ் போச்சின்னா ரூமைக் காலி பண்ணிடுங்க."

"மொட்டைமாடியில வெயில்லயே சுட வெச்சிக்கிறோம்மா. கரன்ட்டே வேணாம்" என்று வாயை விட்டேன்.

"ஞாயித்துக்கெழம வரைக்கும் பாக்கறேன். தண்ணி சுடல, கெளம்பிக்கினே இருங்க."

கம்பெனி பஸ் வாசலிலேயே நிற்கும் ரூம் அது. அதை விட்டால் எங்கே போவது?

பேக்கிங் மரப்பெட்டியில் தெர்மோகோல், அதன்மேல் தகரம். பழைய ஜி.ஐ. பைப்புகளை ஏணி மாதிரி இணைத்து, கறுப்பு பெயின்ட் அடித்து உள்ளே வைத்தேன். பெட்டியைவிட உயரத்தில் டிரம். பைப்பில் சூடாகும் தண்ணீர் தானாக டிரம்முக்கு ஏறிவிடும். மேலே மூடக் கண்ணாடி வேண்டும். காயலான் கடையிலிருந்து இசக்கி ஒன்றைத் தலையில் சுமந்து வந்தான்.

"எங்க லைன்ல மாட்டுத ஒரிஜினல் கண்ணாடியாக்கும் அண்ணே! ஒரு கீறல் கெடையாது."

மாட்டினோம். சனிக்கிழமை வரை தண்ணீர் வெதுவெதுப்பைத் தாண்டவில்லை. ஜாயின்ட், சரிவு எல்லாம் பார்த்தாயிற்று, எல்லாம் சரி. எனக்குக் கோபம் கோபமாக வந்தது. உச்சி வெயிலில் கண்ணாடியைக் கழற்றித் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு நின்ற இசக்கி சொன்னான்:

"இதுக்கு அடியில வந்து நில்லுங்க அண்ணே. வெயிலே தெரியல, என்ன சொகமா இருக்கு!"

"அடப்பாவி! வண்டிக்குள்ள சூடு ஏறக்கூடாதுன்னு செஞ்ச கண்ணாடிடா இது!"

அவன் முகத்தைப் பார்த்ததும் கோபம் போய்ச் சிரிப்பு வந்துவிட்டது. அதே கடைக்கு ஓடி, கீறல் விழுந்த சாதா ஜன்னல் கண்ணாடி வாங்கி வந்தோம்.

"இத எங்க லைன்ல பாத்தா ரிஜெக்ட் பண்ணிருவாவ" என்று முனகிக்கொண்டேதான் மாட்டினான்.

ஞாயிறு மத்தியானம் வீட்டுக்கார அம்மா மாடிக்கு வந்து, டிரம்மின் குழாயைத் திறந்து கையை நீட்டினார்.

"யம்மாடி! கை வெந்துபோச்சுடா பாவிங்களா!"

திட்டு வாங்கி நான் அவ்வளவு சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான். கையை உதறிக்கொண்டே அவரும் சிரித்துவிட்டார். "எனக்கும் ரெண்டு பக்கெட்டு எடுத்து வைங்கப்பா" என்றார். ரூம் தப்பித்தது.

அதன் பிறகு யாராவது "ஒரிஜினல் சார், சூப்பர் குவாலிட்டி" என்று எதையாவது நீட்டினால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: "இத எந்த வேலைக்குன்னு செஞ்சாங்க?"