என் பெயரில் உங்கள் அம்மா எழுதிய கமெண்ட்

உங்கள் அம்மா போனில் பார்த்த அந்தக் கொரியா சீரியலில் சத்தமே கிடையாது. பத்து வார்த்தை பேசுவார்கள், பிறகு மழையைக் காட்டுவார்கள். புருஷன் வருவான், பெண்டாட்டி முகத்தைப் பார்க்காமல் சாப்பிடுவான், படுத்துவிடுவான். அவளுக்குச் செடி விற்கிற கடைக்காரனோடு பழக்கம் ஏற்படும், ஒருநாள் அவனோடு போய்விடுவாள். அவ்வளவுதான் கதை.

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் எங்கள் கம்பி மில்லிலும் அது ஓடியது. சாப்பாட்டு நேரத்தில் ஒருவன் போனில் துண்டு வீடியோ போடுவான், நாங்கள் தீர்ப்பு சொல்வோம்.

"இவளயெல்லாம் ஃபர்னஸ்ல போடணும்பா."

"கடைக்காரன மொதல்ல போடு. இவ பின்னாலயே வந்து குதிப்பா."

"கால ஒடச்சி ஊட்ல போட்டா எப்படிப் போவா?" இதைச் சொன்னது நான்தான்.

அன்றைக்கு என்னோடு வேலை செய்கிறவன் வீடியோவுக்குக் கீழே இருந்த கமெண்டுகளைப் படித்துக்கொண்டே வந்தான். சட்டென்று நிறுத்தினான்.

"இன்னா நைனா, இங்க கால ஒடைக்கணுங்கற. அங்க அவ போனதுல தப்பே இல்லன்னு எழுதிக்கீற?"

என் பெயர், பக்கத்தில் என் படம். "நான் எழுதல, ஊட்ல இருக்கிற போன்லயும் என் ஐடிதான்" என்று உளறிவிட்டேன். புதுவாயல் கடையில் அம்மாவுக்குப் போன் வாங்கியபோது, அவளுக்கு மெயில் இல்லையென்று என்னுடையதையே போட்டுக் கொடுத்திருந்தார்கள். அவள் எதை எழுதினாலும் என் பெயரில் போகும் என்பது அதுவரை எங்கள் இருவருக்குமே உறைக்கவில்லை.

"ஓ, அண்ணி எழுதுச்சா? அப்ப உன் தெருவுல செடிக்கடை இருக்கான்னு பாத்துக்க" என்றான். எல்லோரும் சிரித்தார்கள்.

டிபன் பாக்ஸால் அவன் வாயில் அடித்தேன். பல் உடைந்து சோற்றில் விழுந்தது. அவன் என் தலையைப் பிடித்து மேஜையில் மோதினான். அவனைக் கீழே தள்ளி வயிற்றில் உதைத்தேன். நாலு பேர் இழுக்கிற வரைக்கும் உதைத்தேன். சூப்பர்வைசர் என்னை மில் கேட்டுக்கு வெளியே அனுப்பினார்.

நீங்கள் இருவரும் ஸ்கூலில் இருந்தீர்கள். அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். சட்டையில் ரத்தத்தைப் பார்த்ததும், "இன்னாச்சி, மிஷின்ல மாட்டிக்கினியா?" என்று ஓடி வந்தாள்.

ஓடி வந்தவளை அறைந்தேன். இரண்டாவது அறையில் உதடு கிழிந்தது. முடியைப் பிடித்துச் சுவரில் தள்ளி, "எவன் அவன்?" என்று கேட்டேன். அவள் போனைத் தரையில் அடித்து உடைத்தேன்.

அவள் அழவில்லை. "எவனும் இல்ல. நான் எழுதினத முழுசா படிச்சியா நீ?" என்றாள்.

படிக்கவில்லை. மில்லில் எவனும் படிக்கவில்லை. முதல் வரிதான் வெளியே தெரியும், தொட்டுத் திறந்தால்தான் மீதி வரும். என் போனில் திறந்தேன்.

'அவ போனதுல தப்பு இல்ல. அந்த ஊட்ல அவளாண்ட யாரும் பேசல. எங்க ஊட்டுக்காரரு வேலவிட்டு வந்தா என்னாண்ட பேசுவாரு. அவளுக்கு அதுகூட இல்ல.'

அதை வாசித்தபோது அவள் உதட்டு ரத்தம் என் விரலில் ஒட்டியிருந்தது.

சாயங்காலம் உங்களை அழைத்துக்கொண்டு மீஞ்சூரில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போனாள். எட்டாம் நாள் நான் போனேன். உங்கள் மாமா வாசலிலேயே என் கன்னத்தில் அறைந்தார், மறுபடியும் அறைந்தார். நான் கையைத் தூக்கவில்லை. நீங்கள் மாடியில் இருந்தீர்கள். அம்மா வந்து அவரை நிறுத்தினாள்.

"இனிமே கை ஓங்கினா திரும்ப வரமாட்டேன்" என்றாள். "சரி" என்றேன்.

"புள்ளைங்களாண்ட உதட்டுல கதவு இடிச்சிதுன்னு சொல்லி வச்சிக்கீறேன். எத்தினி நாள் சொல்றது? நீயே சொல்லிடு. வாயால சொன்னா சிரிச்சி மழுப்பிடுவ. எழுதிக் குடு. அப்புறம் வரேன்."

எழுதிவிட்டேன். முதலில் அவளிடம்தான் கொடுக்கப்போகிறேன். நான் செய்ததைக் குறைத்து எழுதியிருந்தால் அவள் உங்களுக்குச் சொல்லட்டும்.