‘இன்னா’வுக்கு அடித்த மணி

தலையில் தட்டினால் “டிங்” என்று ஒலிக்கும் அந்தப் பித்தளை மேசைமணியின் சத்தத்தை ஏதாவது ஓட்டலிலோ ஆஸ்பத்திரியிலோ இன்றைக்குக் கேட்டாலும் எனக்கு முதலில் காது சுடும், அடுத்து நாக்கு உலர்ந்து மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும், அதற்கும் அடுத்து, இந்த வயதில் சொல்ல என்ன கூச்சம், அந்த மணியையே எடுத்து அதைத் தட்டியவர் மண்டையில் ஒரு போடு போட்டால் என்ன என்று கை பரபரக்கும்.

எழுபதுகள் பிறந்த புதிதில், ஆவடித் தொழிற்சாலைக் குடியிருப்பில் சில பெரிய மனிதர்கள் கூடி ஒரு தமிழ் மன்றம் வைத்திருந்தார்கள். தமிழ் அதுவரை அநாதையாகத் தெருவில் நின்றுகொண்டிருந்தது போலவும், இவர்கள்தான் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டி வந்தது போலவும் பேசுவார்கள். அந்த மன்றம் சுற்றுவட்டாரப் பள்ளிகளுக்கு ஆண்டுதோறும் ஓர் அறிவுப் போட்டி நடத்தும். பள்ளிக்கு மூன்று பேர். போட்டிக்கு இரண்டு மாதம் முன்பே விதித்தாள் வந்துவிடும், சைக்ளோஸ்டைல் மை வாசனை மூக்கைத் துளைக்க, நான்கு பக்கம். கேள்விகளை மொத்தமாக எழுதினாலும் ஒன்றரைப் பக்கம் தேறாது.

சரியான விடைக்குப் பத்து, தவறான விடைக்கு ஐந்து கழிவு. குழுவினர் கலந்து பேசும்போது உதடு அசையலாம், ஒலி வரக்கூடாது. (ஊமை நாடகம் போட்டுத்தான் தமிழ் வளர்த்தார்கள்.) கொச்சைச் சொல் ஒன்றுக்கு மேசைமணியில் ஒரு தட்டு, இரண்டு மதிப்பெண் கழிவு. மூன்றாவது கொச்சைச் சொல்லுக்குக் குழுவே நீக்கம், அதுவரை எடுத்ததெல்லாம் செல்லாது. மன்னிப்புக் கேட்டால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகக் கொள்ளப்படும். முறையீட்டைக் குழுத் தலைவர் பதினைந்து நிமிடங்களுக்குள் எழுத்து மூலம் அளிக்க வேண்டும். இத்தனையையும் எழுதியவர் பஞ்சாட்சரம் என்பவர், தொழிற்சாலையில் என் நைனா வேலை பார்த்த பிரிவுக்கு அதிகாரி. விதி எழுதியவர் அவர், கேள்வி எழுதியவர் அவர், நடுவரும் அவரே. கழுத்தில் விழுந்த மாலையை மட்டும்தான் பிறர் கையால் போட்டுக்கொண்டார்.

எட்டாவதோடு முடிந்துவிடும் எங்கள் முத்தாபுதுப்பேட்டைப் பள்ளியிலிருந்து நானும், தனபாலும், பல்கீஸும் போனோம். உயரமான பெண் என்பதால் என்னை “லீடர்” ஆக்கினார்கள், வேறு தகுதி ஒன்றும் கிடையாது. மண்டை உள்ளவள் பல்கீஸ்தான். அவளுடைய அத்தா விமானப்படை முகாம் பக்கம் சின்னதாகத் தையல் கடை வைத்திருந்தார். எனக்கும் தனபாலுக்கும் அப்பா தொழிற்சாலைக்காரர் என்பதால், குடியிருப்பு உயர்நிலைப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பு எங்களுக்கு எப்படியும் உண்டு. வெளியாள் பிள்ளைகளுக்கு அங்கே இடமில்லை. ஆனால் போட்டியில் வென்ற குழுவுக்கு, அப்பன் யாராக இருந்தாலும், இடம் கொடுப்பார்கள். பல்கீஸின் அத்தா தெளிவாகச் சொல்லிவிட்டிருந்தார்: “இங்க பக்கத்துல எடம் கெடச்சா படிம்மா. ரயிலேறிப் போய்லாம் படிக்க வேணாம், மெஷின்ல குந்து.” ஆக, எங்கள் இருவருக்கும் அது ஒரு கோப்பை. அவளுக்கு அதுதான் படிப்பு.

எங்கள் தமிழ் டீச்சர் கமலா தினமும் மாலையில் எங்கள் வாயைக் கழுவினார். ஒரு “கீது”வுக்கு ஒரு தோப்புக்கரணம், ஒரு “வந்துகினு”வுக்கு ஒன்று, “என்ன” வரவேண்டிய இடத்தில் வரும் “இன்னா”வுக்கு இரண்டு. தனபால் பாவம், தோப்புக்கரணம் போட்டுக்கொண்டே “கால் நோவுது, இன்னா டீச்சர் இது?” என்பான், இன்னும் இரண்டு கூடும். பல்கீஸ் மட்டும் ஒரே வாரத்தில் அந்தப் பேச்சைச் சட்டை கழற்றுவது போலக் கழற்றிப் போட்டுவிட்டாள். வீட்டில்கூட “என்ன, ஏன், இருக்கிறது” என்று அவள் பேச, அவள் அம்மா “இவளுக்கு இன்னா பேய் புட்சிகிச்சா?” என்று மந்திரிக்க ஆள் தேடினாள். ஒரு நாள் பள்ளி அகராதியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, “டீச்சர், இன்னா நல்ல தமிழ்ச் சொல்தான்! இனிமை இல்லாதது, துன்பம் தருவது என்று போட்டிருக்கிறது” என்றாள். டீச்சர் விழுந்து விழுந்து சிரித்தார். “அது வேற இன்னா, நீங்க பேசுற இன்னா வேறடி” என்றார். அதை நானும் பக்கத்தில் நின்று கேட்டேன். அதை மறந்துவிடாதீர்கள், நானும் கேட்டேன்.

போட்டியன்று குடியிருப்பு மன்றத்தின் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகையில் வெயில் வறுத்தெடுத்தது. ஏரிக்குத் தண்ணீர் எப்படி வருகிறது என்ற கேள்விக்குத் தனபால், “மழை பெய்தால் கால்வாயில் வந்துகினே இருக்கும் சார்” என்றான். டிங். பூந்தமல்லி இங்கிருந்து எந்தத் திசை என்று பஞ்சாட்சரம் என்னைக் கேட்டார். தெற்கு என்று ஒரு சொல்லோடு நிறுத்தியிருக்கலாம், நாக்கில் சனி. “தெற்கே கீது சார்” என்றேன். டிங். கூட்டம் சிரித்தது. முன்வரிசையில் உட்கார்ந்து சிரித்தவர்கள் வீட்டுக்குப் போய் என்ன பாஷை பேசினார்களோ, அந்தக் கடவுளுக்கே வெளிச்சம்.

ஆனாலும் பல்கீஸ் விட்டதையெல்லாம் பிடித்துக் கடைசிக் கேள்விக்குள் எங்களை முதல் இடத்துக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்தினாள். கடைசிக் கேள்வி எங்களுக்கு. பஞ்சாட்சரம் அட்டையைப் பார்த்துக் கேட்டார்: “‘இனிய’ என்ற சொல்லுக்கு எதிர்ச்சொல்?”

பல்கீஸ் எழுந்தாள். முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். கணீரென்று சொன்னாள்: “இன்னா.”

டிங்.

“இன்னாவாம் இன்னா! கேள்வி காதில் விழவில்லை என்றால் இப்படியா கேட்பது?” என்று அவர் உறுமினார். “மூன்றாவது கொச்சை. குழு நீக்கம்.” பல்கீஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். “தலைவர் மட்டும் பேசலாம்” என்று கையைக் காட்டி அடக்கிவிட்டு, என் பக்கம் திரும்பினார். நான் எழுந்தேன். என் நைனாவின் அதிகாரி என்னைப் பார்க்கிறார். நைனா சோற்றோடு பிசைந்து ஊட்டிய ஒரு பாடம் உண்டு: “ஆபீசர் மொறச்சா மொதல்ல மன்னிப்பு கேட்டுடு. இன்னா தப்புன்னு அப்பால யோசி.” என் வாயிலிருந்து அதுதான் வந்தது.

“மன்னிச்சிடுங்க சார்.”

“ஒப்புக்கொண்டாயிற்று” என்று அவர் தாளில் குறித்துக்கொண்டார். கேள்வி அடுத்த குழுவுக்குப் போனது. அதிலிருந்து ஒரு பையன் “கசப்பு” என்றான். “தவறு” என்ற பஞ்சாட்சரம் அட்டையைத் திருப்பி, நிறுத்தி நிதானமாக, தன் மன்றத் தமிழில் வாசித்தார்: “சரியான விடை, இன்னா.”

அந்த மனிதருக்கு விளங்கிவிட்டது, காது மடல் சிவந்ததை நான் பார்த்தேன். ஆனால் விதியை எழுதிய கை, தட்டிய மணியைத் தட்டாததாக ஆக்குமா? அவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, “கோப்பை யாருக்கு என்பதை இப்போது அறிவிக்கிறேன்” என்றார். அட, நீயும் ஒரு மனுஷனா!

அவரைத் திட்டுவது சுலபம், ஐம்பது வருஷமாகச் சலிக்காமல் திட்டிக்கொண்டும் இருக்கிறேன். ஆனால் எனக்குப் பதினைந்து நிமிடம் இருந்தது. கமலா டீச்சர் ஒரு தாளையும் பேனாவையும் என் கையில் திணித்து, “எழுதுடி, நீதான் எழுதணும், அழுத புள்ளைக்குத்தான் பால்” என்று கெஞ்சினார். நான் பேனா மூடியைத் திருகினேன், மூடினேன், மறுபடி திருகினேன். பஞ்சாட்சரம் நைனாவுக்கு ஷிப்ட் மாற்றிவிடுவாரோ, குவார்ட்டர்ஸ் கிடைக்காமல் செய்துவிடுவாரோ என்று என்னென்னவோ ஓடியது. சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தபடி பல்கீஸ் என் பக்கத்திலேயே நின்றாள். நேரம் முடிந்ததும் தாளை என் கையிலிருந்து வாங்கி, நான்காக மடித்து டீச்சரிடம் கொடுத்தாள். அவள் கையால் அந்தப் போட்டியில் நடந்த கடைசிக் காரியம் அதுதான். அந்த ஜூன் மாதம் நான் புதுப்பாவாடையில் ஒன்பதாவதுக்குப் போனேன். அவள் மெஷினில் உட்கார்ந்தாள்.

கொட்டகை இருந்த இடத்தில் இப்போது கார்கள் நிற்கின்றன. மன்றம் எப்போது செத்தது என்று யாருக்கும் தெரியவில்லை, அழுதவர் எவரும் இல்லை. “கீது”வும் “வந்துகினு”வும் எங்கள் தெருவிலேயே அருகிப்போய்விட்டன. போன மாதம் என் பேத்தியின் பள்ளியிலிருந்து போனுக்கு ஒரு விதித்தாள் வந்தது, குழு வினாடி வினாப் போட்டியாம். பன்னிரண்டாவது விதி: போட்டியின்போது தமிழில் பேசினால் மதிப்பெண் குறைக்கப்படும். அடப் பாவிகளா, அப்போது எங்கள் தமிழைத் துரத்தினீர்கள், இப்போது உங்கள் தமிழையே துரத்துகிறீர்கள், மணி மட்டும் கைமாறிக்கொண்டே இருக்கிறது!

அந்த ஆத்திரத்தில்தான், இத்தனை வருஷம் வேறு வேறு தையற்காரர்களிடம் போய் ஒளிந்துகொண்டிருந்த நான், ஒரு ரவிக்கைத் துணியை எடுத்துக்கொண்டு பல்கீஸின் கடைக்குப் போனேன். மெஷினை மிதித்தபடியே தலையை நிமிர்த்தினாள். தலை வெள்ளையாகிவிட்டது, முகம் அதேதான்.

“இன்னா, லீடர்?” என்றாள்.

அது எந்த “இன்னா” என்று எனக்குப் புரியவில்லை. சொல்ல வேண்டியதைச் சொன்னேன்: “சரியான விடை, பல்கீஸ். பத்து மதிப்பெண்.”

மெஷின் நின்றது. அவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

“முறையீட்டைக் குழுத் தலைவர் பதினைந்து நிமிடங்களுக்குள் எழுத்து மூலம் அளிக்க வேண்டும்” என்றாள், ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல். பிறகு கழுத்திலிருந்த டேப்பை உருவிக்கொண்டு எழுந்து வந்தாள்.

“கையத் தூக்குடி, அளவெடுக்கணும்.”