தண்ணீர் கேட்காத பாத்தி

வேட்டியை அலசிக்கொண்டிருந்தபோது இருமல் வந்தது. துவைக்கிற கல்லோரம் துப்பினேன். சோப்பு நுரையின் மேல் சிவப்பாக ஒரு கோடு ஓடியது. வெற்றிலை போடும் வழக்கம் எனக்கில்லை. ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கழுவிவிட்டேன்.

நாலு நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த நாலு ராத்திரியும் என் நாலு வயது மகள் வசந்தா என் பக்கத்தில்தான் படுத்திருந்தாள். இதைப் படிக்கிற உங்களுக்கும் அப்படி ஒரு கோடு தெரிந்தால், அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி அது. திருச்சிக்கு மேற்கே, சரளை மேட்டில் புதிதாக வீடு கட்டிக் குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் கணவர் சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. இருமல் நிற்காததைப் பார்த்து அவர்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போனார். டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார்.

"வலது பக்கம் மேல குழி மாதிரி தெரியுது பாருங்க. டி.பி.தான். இப்ப நல்ல மருந்து இருக்கு. ஒன்றரை வருஷம் விடாம சாப்பிடணும்."

"குழந்தை?" என்றேன்.

"சளியில கிருமி இருக்கிற வரைக்கும் கிட்ட விடாதீங்க."

அன்று மாலையே வசந்தா ஸ்ரீரங்கத்துக்குப் போனாள், என் நாத்தனார் செல்லம்மாள் வீட்டுக்கு. எனக்கும் அவளுக்கும் நடுவில் காவேரி.

தினம் ஒரு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி (காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து). அதோடு மாத்திரையும், வயிற்றைப் புரட்டும் ஒரு பொடியும். மூன்றாம் மாதம் ஒரு காலையில் எழுந்து நின்றேன். தரை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. கட்டிலைப் பிடித்தும் நிற்க முடியவில்லை. உட்காதில்தான் உடம்பின் நிதானம் இருக்கிறதாம். ஊசி அதைக் கெடுத்துவிட்டது என்று டாக்டர் நிறுத்திவிட்டார்.

"நிறுத்தினா நோய் திரும்பிடாதா டாக்டர்?"

"மத்த மருந்து இருக்கே. பார்ப்போம்."

அந்தப் 'பார்ப்போம்' பல நாள் என்னைத் தூங்கவிடவில்லை.

ஜன்னலுக்கு வெளியே மல்லிகை கருகிக் கிடந்தது. கிணற்றில் இறைக்க எனக்குத் தெம்பில்லை. கோடையில் கிணற்றிலும் தண்ணீரில்லை. படுத்தபடி அந்தக் குச்சிகளையே பார்த்துக்கொண்டிருப்பதைத் தாங்க முடியாமல், "தண்ணி கேட்காத செடியா ஏதாவது கொண்டாங்க" என்று கணவரிடம் சொன்னேன்.

அவர் சரளையைக் கொத்தி, ஆற்று மணலும் செங்கல் ஜல்லியும் கலந்து, ஒரு சாண் உயரத்துக்குப் பாத்தி கட்டினார். சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, பிரண்டை, நித்தியகல்யாணி, ஒரு சப்பாத்திக்கள்ளி மட்டை எல்லாம் வந்தன. நின்றால் தலை சுற்றும் என்பதால் உட்கார்ந்தபடியே நகர்ந்து நட்டேன். வெட்டிய துண்டுகளை நிழலில் சில நாள் போட்டு, வெட்டுவாய் காய்ந்த பிறகுதான் நட வேண்டும். எனக்குப் பொறுக்கவில்லை. இரண்டை அன்றைக்கே நட்டுத் தினமும் தண்ணீர் ஊற்றினேன். ஒரே வாரத்தில் அழுகிக் கூழாயின. மற்றவை பிழைத்தன.

பக்கத்து வீட்டம்மா வேலிக்கு அப்பாலேயே நின்று, "கள்ளியை வீட்டுல வைக்கலாமாங்க? ஆகாதுன்னு சொல்லுவாங்களே" என்றார். நான் சிரித்தேன். மறுநாள் காலை செல்லம்மாள் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"கமலம், பதறாதே. பாப்பாவுக்குப் பத்து நாளா காய்ச்சல். இருமலும் விடலை. இன்னைக்கு எக்ஸ்ரே எடுக்கச் சொல்லியிருக்காங்க."

அவள் போன பிறகு பாத்திக்குப் போய், வெறுங்கையால் கள்ளியைப் பிடித்துப் பிடுங்கினேன். சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்த கணவர் என் உள்ளங்கையைப் பார்த்தார். ஒன்றும் கேட்காமல் ஊசியை எடுத்துவந்து முள் எடுக்க உட்கார்ந்தார்.

"கள்ளியால ஒண்ணுமில்லைங்க. ரத்தம் வந்ததை நாலு நாள் நான் மறைச்சேன். குழந்தையைப் பக்கத்துல போட்டுக்கிட்டுத் தூங்கினேன்."

அவர் கை நின்றது. "உன் முந்தானையில கறையை நானும் பார்த்தேன், கமலம். கேட்கப் பயமா இருந்தது."

கடைசி முள்வரை எடுத்தார். பிறகு கள்ளியை எடுத்து நிழலில் வைத்தார்.

எக்ஸ்ரே முடிவு வர மூன்று நாள் ஆயிற்று. அந்த மூன்று நாளும் பாத்தியின் ஓரத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். ரணகள்ளி இலையின் ஓரப் பற்களில் கடுகளவு குருத்துகள் விட்டிருந்தன. அவற்றை எண்ணுவேன், பாதியில் தப்பிவிடும், முதலிலிருந்து எண்ணுவேன். நாலாம் நாள் கணவர் சைக்கிளை விட்டு இறங்காமலேயே கத்தினார்.

"நெஞ்சு சுத்தமா இருக்காம்! தொண்டையிலதான் வீக்கமாம்!"

எனக்கு அழுகை வரவில்லை. பசித்தது. எத்தனையோ வாரத்துக்குப் பிறகு பசித்தது.

அடுத்தடுத்து மூன்று சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்றான பிறகுதான் வசந்தாவைக் கூட்டிவந்தோம். அதற்குள் ஒன்பது மாதம் ஆகியிருந்தது. அத்தையின் புடவைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு என்னைப் பார்த்தாள். என்னிடம் வர அவளுக்கு இரண்டு நாள் பிடித்தது.

ஒன்றரை வருஷத்தில் மருந்தை நிறுத்தினார்கள். இனி ஆறு மாதத்துக்கு ஒரு எக்ஸ்ரே. அடுத்த தீபாவளிக்கு என்ன செய்யலாம் என்று யாராவது கேட்டால் சொல்ல எனக்கு வாய் வராது. என் வருஷம் ஆறு மாதத்தோடு முடிந்துவிடுகிறது. நுரையீரலில் குழி மூடிவிட்டது, நிதானம் முழுதாகத் திரும்பவில்லை. வெளிச்சம் மங்கினால் தரை எங்கே இருக்கிறதென்று என் காலுக்குத் தெரியாது. வசந்தாவின் தோளில் இரண்டு விரலை வைத்துக்கொண்டுதான் நடப்பேன்.

ஒருநாள் அந்தி மங்கலில் செல்லம்மாள் வீட்டிலிருந்து பஸ்ஸுக்கு நடந்து வந்தோம். எங்களுக்கு முன்னால் ஒரு பெண் இரண்டு கையையும் வீசிக்கொண்டு போனாள்.

"அந்த அம்மா ஏன் யாரையும் பிடிச்சுக்காம நடக்கிறாங்க?" என்று வசந்தா கேட்டாள்.

அந்தப் பெண் விழுந்துவிடுவாளோ என்று, தெருமுனை திரும்பும்வரை அவளையே பார்த்துக்கொண்டு வந்தாள் வசந்தா.